ஜிபி ரேட்டிங் ஆறு மாதப் பயிற்சி: கொடுக்கும் காசுக்குக் கடல்வேலை வருகிறதா?

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பையன் வணிகக் கப்பலில் மாலுமியாகப் போக இந்தியாவில் இருக்கும் நேர்வழி, ஜிபி ரேட்டிங் (ஜெனரல் பர்ப்பஸ், அதாவது தளத்துக்கும் இயந்திர அறைக்கும் பொதுவான மாலுமி) என்கிற ஆறு மாதப் பயிற்சி. மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் அனுமதி பெற்ற நிலையங்கள் விடுதியில் தங்கவைத்து இதை நடத்துகின்றன. சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்கித் தமிழ்நாட்டிலேயே பல இடங்களில் இருக்கிறது. விடுதி, சாப்பாடு, சீருடை எல்லாம் சேர்த்தால் செலவு லட்சங்களில் போகிறது. நகையை அடகு வைத்துக் கட்டும் குடும்பங்கள் நிறைய. அதனால் இந்தப் பயிற்சியை, காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருளைப் போலவே உரசிப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உயிர்காக்கும் பாடங்கள் நன்றாக இருக்கின்றன. கயிற்று வேலை அரைகுறை. சுக்கான் பிடிப்பது பெயரளவுக்கு. படிப்பு முடிந்ததும் கப்பலேற்றி விடுவதில் நிலையத்துக்கு நிலையம் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சேரலாமா என்றால் சேரலாம், ஆனால் கீழே சொல்லும் கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர வேண்டும்.

கப்பலில் மாலுமியின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் பயிற்சியை எடைபோட முடியும். நிலக்கரி, தானியம் போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் ஒரு நடுத்தர பல்க் கேரியரில் மொத்த ஆட்களே இருபது, இருபத்திரண்டு பேர்தான். தளத்தில் (டெக்கில்) மாலுமிகளின் தலைவரான போசன் ஒருவர், ஏபி என்கிற தேர்ந்த மாலுமிகள் மூன்று பேர், ஓஎஸ் என்கிற சாதாரண மாலுமிகள் ஒன்றிரண்டு பேர். இயந்திர அறையில் ஃபிட்டர், ஆயிலர்கள், வைப்பர். ஜிபி ரேட்டிங் முடித்தவர் பயிற்சி மாலுமியாக ஏறி, ஓஎஸ் ஆகி, ஏபி ஆகி, நன்றாக வேலை தெரிந்தால் போசன் ஆகிறார். நடுக்கடலில் ஏபிக்கு நாலு மணி நேரக் காவல், எட்டு மணி நேர இடைவெளி, மறுபடி நாலு மணி நேரம். இரவுக் காவலில் பாலத்தில், அதாவது கப்பலை ஓட்டும் மேல்மாடத்தில், நின்று கண்ணாலும் காதாலும் கடலைக் கவனிப்பது, அதிகாரி சொன்னால் சுக்கான் பிடிப்பது. பகலில் துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, கிரீஸ் வைப்பது, சரக்கறை கழுவுவது. துறைமுகத்தில் கயிறு கட்டுவது, ஏணி கட்டுவது, கப்பலில் ஏறி இறங்கும் வழியான காங்வேயில் காவல். இத்தனையிலும் உயிருக்கு ஆபத்தானவை மூன்று: இறுகி நிற்கும் கயிறு, மூடிய அறை, உயரத்தில் வேலை. ஆறு மாதத்தில் இந்த மூன்றையும் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் நிலையத்தின் தரம்.

பணம் கட்டுமுன் கண் பரிசோதனை. இதை இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான். தள வேலைக்குக் கண்ணாடி போடாமல் ஒவ்வொரு கண்ணுக்கும் 6/6 பார்வை வேண்டும். இயந்திர அறைக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. நிறக்குருடு இருந்தால் இரண்டுமே இல்லை. நிறப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டையில் எண் தெரியாத பையனுக்கு அதுவரை தன் கண்ணில் குறை இருப்பதே தெரிந்திருக்காது, அன்றாட வாழ்க்கையில் அது காட்டிக்கொடுக்காது. கப்பலிலோ, இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கா பச்சை விளக்கா என்பதைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியும். இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் சொந்தச் செலவில் காட்டிச் சான்று வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். 'முதலில் கட்டுங்கள், மெடிக்கல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் இடம் வேண்டாம். பத்தாம் வகுப்பில் மொத்தத்திலும் ஆங்கிலத்திலும் 40 சதவீதம் வேண்டும், வயது பதினேழரைக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதையும் சான்றிதழை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கயிறு. எல்லா நிலையத்திலும் முடிச்சுப் பலகை ஒன்று சுவரில் தொங்கும். போலைன், குளோவ் ஹிட்ச், ரோலிங் ஹிட்ச், ஷீட் பெண்ட் என்று பத்துப் பன்னிரண்டு முடிச்சுகளை வாரக்கணக்கில் போட வைக்கிறார்கள், தேர்விலும் அதுதான் கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வகுப்பறை மேசையில் பென்சில் கனக் கயிற்றில் போடும் போலைனுக்கும், கையுறை போட்டுக்கொண்டு, இருட்டில், நனைந்த கயிற்றில் போடும் போலைனுக்கும் ரொம்ப தூரம். பயிற்சி மாலுமிக்குப் போசன் வைக்கும் முதல் சோதனையே அதுதான்.

அடுத்த குறை பெரியது. ஸ்ப்ளைஸ், அதாவது கயிற்றின் புரிகளைப் பிரித்துக் கயிற்றுக்குள்ளேயே கோத்துக் கண்ணி போடுவது, சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் மூன்று புரிக் கயிற்றில். இன்றைய கப்பலில் கட்டும் கயிறு பெரும்பாலும் எட்டுப் புரிப் பின்னல் கயிறு. அதில் புரிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பாதி வலப்பக்கமும் பாதி இடப்பக்கமும் முறுக்கப்பட்டிருக்கும். ஸ்ப்ளைஸ் போடும்போது வலமுறுக்கு ஜோடி வலமுறுக்கு ஜோடியின் அடியில்தான் போக வேண்டும், இடமுறுக்கு இடமுறுக்கின் அடியில். மாறிப் போனால் பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும், பாரம் ஏறும்போது கண்ணி நழுவும். மூன்று புரியில் கற்ற கை இதை நேரடியாகப் பிடித்துக்கொள்ளாது. நிலையத்தைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது கயிற்று அறையில் எட்டுப் புரிக் கயிறு இருக்கிறதா, அதில் மாணவர்கள் போட்ட கண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பளபளவென்று புதுசாகச் சுருட்டி வைத்த கயிறு இருந்தால் அதை யாரும் தொட்டதில்லை என்று பொருள்.

மூரிங் (கப்பலைக் கரையோடு கட்டும்) தளம் என்று சிமென்டில் ஒரு மாதிரித் தளம் கட்டி, கயிறு சுற்றும் பிட் என்கிற இரட்டைக் கம்பங்களும், கயிறு இழுக்கும் வின்ச் ஒன்றும் வைத்திருக்கும் நிலையங்கள் உண்டு. அங்கே ஸ்டாப்பர் (பெரிய கயிற்றைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு கயிறு) போடும் வேலையை ஆளாளுக்குச் செய்ய வைக்கிறார்களா என்பதே முக்கியம். வேலை இப்படி. வின்ச்சின் சுழலும் உருளையான வார்ப்பிங் டிரம்மில் மூன்று நாலு சுற்றுப் போட்டு இழுத்த கயிற்றை, இறுக்கம் குறையாமல் பிட் கம்பத்துக்கு மாற்ற வேண்டும். பிட்டின் அடியில் கட்டிய ஸ்டாப்பரின் இரண்டு வாலையும் பெரிய கயிற்றின் மேலும் கீழுமாக எதிரெதிர்த் திசையில் நாலைந்து முறை குறுக்குமறுக்காகப் பின்னி, கடைசியில் இரண்டு நுனியையும் சேர்த்து முறுக்கிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு வின்ச்சை மெல்லத் தளர்த்த வேண்டும். பாரம் ஸ்டாப்பரில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டிரம்மிலிருந்து கயிற்றைக் கழற்றுவது. கழற்றியதும் தாமதிக்காமல் பிட்டில் எட்டு வடிவில் சுற்ற வேண்டும். வழுக்கும் தன்மையுள்ள எச்எம்பிஇ என்கிற உறுதிமிக்க செயற்கை இழைக் கயிறாக இருந்தால் முதல் கம்பத்தில் இரண்டு முழுச்சுற்று போட்டுவிட்டு எட்டு வடிவத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கயிறு நழுவும்.

இதில் தப்பு நடப்பது எங்கே என்றும் சொல்லித்தர வேண்டும். ஸ்டாப்பர் கயிறும் கட்டும் கயிற்றைப் போலவே செயற்கை இழையாக இருக்க வேண்டும், ஆனால் நைலான் கூடாது. பாரத்தில் நைலான் ரப்பர் மாதிரி நீளும், அறுந்தால் அத்தனை வேகத்தோடு திரும்பி அடிக்கும். டிரம்மில் தேவைக்கு மேல் சுற்றுப் போட்டால் கயிறு ஒன்றின்மேல் ஒன்று ஏறி விடுவிக்க முடியாமல் போகும். டிரம் சுழன்றுகொண்டிருக்க, கயிறு நகராமல் அதே இடத்தில் தேய்ந்தால் பாலிப்ரொப்பிலீன் உருகி ஒட்டும். டிரம்முக்குப் பக்கத்தில் ஒட்டி நின்று கயிறு பிடிப்பவரின் கை, கயிறு திடீரென்று இழுபட்டால் டிரம்முக்குள் போய்விடும். ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். தளத்தில் விழுந்து கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்கவே கூடாது.

ஸ்னாப்-பேக், அதாவது அறுந்த கயிறு சாட்டையாகத் திரும்பும் பகுதி, பற்றிப் பல இடங்களில் இன்னும் பழைய பாடமே ஓடுகிறது. தளத்தில் மஞ்சளோ சிவப்போ கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே நின்றால் பத்திரம் என்று சொல்லித் தருகிறார்கள். கயிறு ரோலரிலும் கம்பத்திலும் திரும்பிப் போகும்போது அறுந்தால் எங்கே அடிக்கும் என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. அதனால்தான் பிரிட்டனின் மாலுமிகளுக்கான பாதுகாப்பு வேலைமுறைக் கையேடு, கோடு வரையாமல் மூரிங் தளம் முழுவதையுமே ஆபத்துப் பகுதியாக எண்ணச் சொல்கிறது. 2024 ஜனவரி 1 முதல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸில் மூரிங் ஏற்பாடு, கயிறு பராமரிப்பு பற்றிய விதிகளும் கடுமையாகியுள்ளன. ஆசிரியரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கடலை விட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

பெரிய கயிற்றை இழுத்துக்கொள்ளக் கரைக்கு எறியும் மெல்லிய ஹீவிங் லைன் எறியக் கற்றுத்தருவதைக் குறை சொல்ல முடியாது, மைதானத்தில் நன்றாகவே எறிய வைக்கிறார்கள். நுனியிலுள்ள மங்கிஸ் ஃபிஸ்ட் முடிச்சுக்குள் நட்டு போல்ட்டு வைக்கும் பழைய பழக்கத்தை மட்டும் யாராவது காட்டினால் கற்றுக்கொள்ளாதீர்கள். கரையில் கயிறு பிடிக்கும் ஆளின் மண்டை உடைந்திருக்கிறது. கனம் வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மிகாத, சிறு கூழாங்கல் அடைத்த மெத்தென்ற பை போதும்.

சுக்கான் பிடிக்கும் பயிற்சிதான் இந்தப் படிப்பின் மிகப் பலவீனமான பகுதி. கணக்கு எளிது. ஒரு வகுப்பில் 40 பேர், ஒரு சிமுலேட்டர், இரண்டு மணி நேர வகுப்பு என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கலாம், கப்பலைப் பிடிக்க முடியாது. பாரமேற்றிய கப்பல் சுக்கான் திரும்பிய உடனே திரும்பாது, திரும்பத் தொடங்கினால் உடனே நிற்கவும் நிற்காது. காம்பஸில் 045 டிகிரித் திசையில் நிறுத்த வேண்டுமென்றால் கப்பல் 045-ஐத் தொடுமுன்பே எதிர்ச்சுக்கான் கொடுக்க வேண்டும். எத்தனை டிகிரிக்கு முன் என்பது அந்தக் கப்பலின் கனத்தையும் வேகத்தையும் பொறுத்தது. புதியவர்கள் எல்லாரும் செய்வது ஒன்றே: காம்பஸ் நகரவில்லை என்று மேலும் மேலும் சுக்கான் கொடுப்பார்கள், பிறகு அது கட்டுக்கடங்காமல் ஓடும்போது எதிர்ப்பக்கம் அதைவிட அதிகம் கொடுப்பார்கள். கப்பலின் பின்னால் பாம்பு நெளிந்த தடம் விழும்.

கட்டளை வாங்கும் ஒழுங்கு இதைவிட முக்கியம், இதற்குச் சிமுலேட்டர்கூட வேண்டாம். துறைமுகத்துக்குள் வழிகாட்ட ஏறும் பைலட் 'போர்ட் டென்' (இடப்பக்கம் பத்து டிகிரி) என்றால் 'போர்ட் டென்' என்று உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். சுக்கான் காட்டி இடது பத்தில் நின்ற பிறகு 'வீல் இஸ் போர்ட் டென்' என்று மறுபடி சொல்ல வேண்டும். கண் சக்கரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு சுக்கான் காட்டியைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சக்கரம் திரும்பியும் சுக்கான் திரும்பாமல் போகலாம், அதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் சக்கரம் பிடித்தவர்தான். திசையை 'ஜீரோ ஃபோர் ஃபைவ்' என்று எண் எண்ணாகச் சொல்ல வேண்டும், 'ஃபார்ட்டி ஃபைவ்' என்று சொல்லக் கூடாது. பைலட் கொரியரோ பிரேசில்காரரோ யாராகவும் இருக்கலாம், காதில் சரியாக விழாவிட்டால் வெட்கப்படாமல் மறுபடி கேட்க வேண்டும். தமிழ்வழியில் படித்த பையன்கள் தடுமாறுவது இங்கேதான். ஆங்கில அறிவு குறைவு என்பதால் தடுமாறுவதில்லை, ஐம்பது அறுபது கட்டளைச் சொற்கள்தான் மொத்தமே. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று வாய்க்குள்ளேயே முணுமுணுப்பதுதான் கோளாறு. நல்ல ஆசிரியர் காலை அணிவகுப்பிலேயே இருவர் இருவராக நிறுத்தி, ஒருவர் கட்டளை சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும்படி தினம் பத்து நிமிடம் செய்ய வைப்பார். அப்படிச் செய்யும் நிலையம் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மதிப்பெண் கூடப் போடலாம்.

பைலட் கப்பலில் ஏறி வரும் கயிற்றேணியைக் கட்டுவது ஓஎஸ் வேலை. தப்பாகக் கட்டினால் சாவது வேறொருவர். ஏணியின் படிகளுக்கிடையே 310 முதல் 350 மில்லிமீட்டர் சம இடைவெளி, பக்கக் கயிறு குறைந்தது 18 மில்லிமீட்டர் தடிமன். ஏணி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க 1.8 மீட்டர் நீளப் பலகைப் படிகள் இடையிடையே வரும். மிகக் கீழேயுள்ள நீளப்படி அடியிலிருந்து ஐந்தாவது, ஒரு நீளப்படிக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்பது படிக்கு மேல் போகக் கூடாது. ஏறும் உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் காங்வே ஏணியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இந்த எண்கள் எல்லாம் தேர்வுக்கு மனப்பாடம் ஆகிவிடுகின்றன. விடுபட்டுப்போவது, ஏணியின் முழு நீளமும் தேவைப்படாதபோது அதைப் பாதியில் எப்படித் தளத்தோடு பிணைப்பது என்பது. இரண்டு பக்கக் கயிற்றிலும் ரோலிங் ஹிட்ச் போட்டு, தளத்திலுள்ள உறுதியான கண்ணிகளில் கட்ட வேண்டும். பாரம் முழுவதும் பக்கக் கயிற்றில் இறங்க வேண்டும். சோம்பல்பட்டு ஷாக்கிள் என்கிற இரும்பு வளையத்தையோ இரும்புக் கொக்கியையோ கயிற்றுக்குக் குறுக்கே மாட்டினால், பாரம் படியின் மேலும் அதைப் பிடித்திருக்கும் சின்னக் கட்டுகளின் மேலும் விழும். நாளடைவில் படி சாயும், கயிறு உள்ளுக்குள் அறுபடும். வெளியே ஒன்றும் தெரியாது. முடிச்சுப் பலகையில் வெறும் முடிச்சாகக் கற்ற ரோலிங் ஹிட்சுக்கு உண்மையான வேலை இங்கேதான், ஆகவே இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். பல நிலையங்களில் பைலட் ஏணி சுவரில் மாட்டிய படமாக மட்டுமே இருக்கிறது.

மூடிய அறை பாடத்துக்கு வருவோம். நங்கூரச் சங்கிலி அறை, கப்பலின் நிலைப்புக்குக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் தொட்டி, நிலக்கரி ஏற்றிய சரக்கறைக்கு இறங்கும் படிக்கட்டு, எதுவாயினும் சரி. துரு பிடிப்பதே ஆக்ஸிஜனைத் தின்னும் வேலை. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த இரும்பு அறையில் சுவரே காற்றைக் குடித்து முடித்திருக்கும். நிறமில்லை, வாடையில்லை. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுவதற்குள் தனக்கு ஏதோ ஆகிறது என்று உணரக்கூட நேரம் கிடைப்பதில்லை. இறங்குமுன் ஆக்ஸிஜன் 21 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், எரிவாயு வெடிக்கும் கீழெல்லையில் 1 சதவீதத்துக்கு மிகக் கூடாது. மீட்டரை வாசலில் நீட்டிப் பார்த்தால் போதாது, குழாய் விட்டு மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். அனுமதிச் சீட்டு, வாசலில் ஆள், தொடர்புக் கருவி, மீட்புச் சாதனம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். 2015 முதல் ஒவ்வொரு கப்பலிலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பயிற்சி ஒத்திகை கட்டாயம்.

இருந்தும் ஆட்கள் சாகிறார்கள், அதிலும் ஒருவர் விழுந்ததைப் பார்த்துக் காப்பாற்ற ஓடி இறங்கிய இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். கூட வேலை செய்பவன் கண்ணெதிரே கிடக்கும்போது இறங்காமல் நின்று அலாரம் அடிப்பது மனித இயல்புக்கு எதிரானது. அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் வராது, ஒத்திகை பார்த்துப் பார்த்துத்தான் வரும். பொம்மையை உள்ளே போட்டு, 'விழுந்துவிட்டான்' என்று கத்தி, எத்தனை பேர் வாசலை நோக்கி ஓடுகிறார்கள் என்று பார்க்கும் ஆசிரியர்கள் உண்டு. முதல் தடவை பாதி வகுப்பு ஓடும். அப்படி ஒரு வகுப்பு நடத்தும் நிலையத்துக்குக் கட்டிய காசு வீண்போகாது.

எஸ்டிசிடபிள்யூ என்கிற சர்வதேச மாலுமிப் பயிற்சி உடன்படிக்கை கேட்கும் அடிப்படைப் பாடங்கள் பயிற்சிக்குள்ளேயே வருகின்றன: கடலில் உயிர்பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு, அதோடு கப்பல் செக்யூரிட்டிப் பணி பற்றியதும். கட்டணத்தில் இவை அடங்குமா, தனியாகக் கேட்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தரம் என்று பார்த்தால் இந்தப் பகுதிதான் படிப்பிலேயே சிறந்தது, தணிக்கையும் இங்கே இறுக்கம். கவிழ்ந்த உயிர்காப்புத் தோணியை நீச்சல்குளத்தில் நிமிர்த்த வைக்கிறார்கள். வாயு சிலிண்டர் இருக்கும் பக்கத்தைக் காற்று போகும் பக்கமாகத் திருப்பி, சிலிண்டர் மேல் ஏறி நின்று, அடிப்பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் காற்றே மறுபக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். எதிர்ப்பக்கம் நின்றால் எவ்வளவு பலசாலியாலும் முடியாது. தீயணைப்பில் புகை அறைக்குள் மூச்சுக்கருவி போட்டு இறங்க வைக்கிறார்கள். 1,200 லிட்டர் காற்று என்றால் முப்பது நிமிடம் என்று சொல்வது நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு என்ற கணக்கில். குழாயை இழுத்துக்கொண்டு படியேறும்போது மூச்சு இருமடங்காகும், நேரம் பதினைந்து நிமிடமாகச் சுருங்கும். அதனால் காற்று குறைந்து கருவியின் எச்சரிக்கை விசில் ஊதும்வரை காத்திருக்காமல் அழுத்தமானியைப் பார்த்துத் திரும்பும் பழக்கம் வேண்டும். நீச்சல் தெரியாத உள்மாவட்டப் பையன்கள் சேருமுன்பே கற்றுக்கொண்டு போவது நல்லது. அங்கே போய்ப் பயம் தெளிவதற்குள் குளத்து வகுப்புகள் முடிந்துவிடும்.

இயந்திரப் பட்டறை பரவாயில்லை. அரம், வெல்டிங், லேத் எல்லாம் தொட வைக்கிறார்கள். பெயின்ட் வேலைக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். துரு தட்டாமல் பெயின்ட் அடிப்பது, பனி படிந்த காலை நேரத் தகட்டில் அடிப்பது, முதல் பூச்சு காயுமுன் இரண்டாவது போடுவது ஆகிய மூன்று தப்பும் கப்பலில் தினம் நடக்கின்றன. தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி அதிகமாகவும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் குறைவாகவும் இருந்தால்தான் பெயின்ட் பிடிக்கும் என்பது கரையில் சொல்லித்தர ஒரு மணி நேரம் ஆகாது. அணிவகுப்புக்கும் அறை சுத்தத்துக்கும் செலவிடும் நேரம் அதிகம் என்று மாணவர்கள் குறைப்படுவார்கள், அதில் நியாயமில்லை. கப்பலில் இரண்டு பேர் ஒழுங்கில்லாமல் இருந்தாலும் மற்ற இருபது பேரின் தூக்கம் கெடும்.

படிப்பின் முடிவில் மாலுமிகளுக்கான தேர்வு வாரியமான பிஇஎஸ் நடத்தும் அகில இந்தியத் தேர்வு. அதில் தேறி, இன்டாஸ் எண் (மாலுமியின் பதிவு எண்), சிடிசி (மாலுமியின் கடல்பணிப் புத்தகம்), பாஸ்போர்ட், மருத்துவச் சான்று எல்லாம் கைக்கு வந்தால் காகிதப்படி நீங்கள் மாலுமி. கப்பல் அதற்குப் பிறகுதான். இங்கேதான் சேவை என்ற முறையில் இந்தப் பயிற்சியின் பெருங்குறை. தேறி வெளியே வரும் எண்ணிக்கைக்குப் பயிற்சி மாலுமி இடங்கள் கப்பல்களில் இல்லை. சிடிசி வாங்கிவிட்டு வருடக்கணக்கில் மும்பையில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பிள்ளைகள் உண்டு. 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு நாலு கேள்வி கேளுங்கள். கடைசியாக முடித்த வகுப்பில் எத்தனை பேர் கப்பலேறினார்கள்? எந்தக் கம்பெனியில்? அந்தக் கம்பெனிக்கு மாலுமிகளை வேலைக்கு அமர்த்தும் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா? தேர்வு முடிந்து கப்பலேற எத்தனை மாதம் ஆனது? கப்பல் கம்பெனியே தேர்ந்தெடுத்து ஸ்பான்சர் செய்யும் இடத்தில் சேர முடிந்தால் கட்டணம் கூடுதலாக இருந்தாலும் அதுவே மலிவு. முந்தைய வகுப்புப் பையன்கள் இரண்டு பேரின் தொலைபேசி எண் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் காரணம் இருக்கும்.

முதல் கப்பலில் ஏறியதும் பயிற்சிப் பதிவேட்டை அன்றன்றே எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆறு மாதக் கடல்பணிக்குப் பிறகு காவல் (வாட்ச்கீப்பிங்) சான்றிதழுக்குப் போகும்போது அந்தப் பதிவேடுதான் சாட்சி. இறங்கும் நாளில் மொத்தமாகக் கையெழுத்துக் கேட்டால் அந்த அதிகாரி ஏற்கெனவே வீட்டுக்குப் போயிருப்பார். ஏபி சான்றுக்குத் தளப்பிரிவில் 18 மாதக் கடல்பணி வேண்டும், அங்கீகரித்த பயிற்சி முடித்திருந்தால் 12 மாதம். ஏபி ஆன பிறகு சம்பளம் மரியாதையான அளவுக்கு வரும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிர்ணயித்த ஏபியின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025-இல் மாதம் 673 டாலர், மிகைநேரம் இதற்கு மேல். பயிற்சி மாலுமிக்கு இதைவிட வெகுவாகக் குறையும், அதை எதிர்பார்த்தே போக வேண்டும்.

கடற்படை வழியையும் சேர்த்துப் பார்ப்பதே சரி, ஏனென்றால் இரண்டுக்கும் வருவது ஒரே வயதுப் பிள்ளைகள். அங்கே பயிற்சிக்கு ஒரு காசு கட்ட வேண்டாம், சேர்ந்த நாளிலிருந்து சம்பளம். அக்னிவீரராகச் சேர்ந்தால் ஒடிசாவில் ஐஎன்எஸ் சில்காவில் அடிப்படைப் பயிற்சி, முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நாலாவது வருடம் 40,000. அதில் 30 சதவீதம், பணி முடிவில் மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிக்குப் பிடிக்கப்பட்டு, அரசு அதே அளவு போடும். நாலு வருடத்தில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரமாவார்கள். நிரந்தரமானால் சீமேனிலிருந்து லீடிங் சீமேன், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர், அதற்குமேல் மாஸ்டர் சீஃப் இரண்டாம் நிலை, முதல் நிலை என்று படி தெளிவாக இருக்கிறது. லீடிங் சீமேன் என்பது ஒரு சிறு குழுவுக்குப் பொறுப்பேற்கும் முதல் படி. வணிகக் கப்பலில் அப்படி ஒரு இடைப்படி கிடையாது, ஏபியிலிருந்து நேரே போசன்தான். 2023 மார்ச் 28-இல் வெளியேறிய முதல் அக்னிவீரர் அணியில் பெண்களும் மாலுமிகளாக வந்தார்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும்: கடற்படையில் நாலு வருடம் இருந்தாலும் வணிகக் கப்பலுக்குத் தேவையான சான்றுகள் தானாக வந்துவிடாது. அக்னிவீரர்கள் வணிகக் கப்பல் ரேட்டிங்காக மாற 2022-இல் தனித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அந்த வழியில் வர நினைப்பவர் பணியில் இருக்கும்போதே கடல்பணி ஆவணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும். காசும் கையில் இல்லை, வயது 21-க்குள், 1.6 கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓட முடியும் என்றால் முதலில் கடற்படைக்கு விண்ணப்பிப்பதே எங்கள் யோசனை. கிடைக்காவிட்டால் ஜிபி ரேட்டிங்குக்கு 25 வரை வயது இருக்கிறது.

ஜிபி ரேட்டிங்கே முடிவென்றால், கப்பலேறும் நாளில் வேலை ஒப்பந்தத்தின் கையெழுத்திட்ட பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம், மிகைநேரம், ஒப்பந்த மாதங்கள், கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண் (கப்பலின் சர்வதேச அடையாள எண்), ஏறும் துறைமுகம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு என்பது எம்எல்சி என்கிற சர்வதேச கடல்தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. ஓய்வுப் பதிவில் நடக்காததை நடந்ததாக எழுதிக் கையெழுத்துக் கேட்டால், உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் உண்மை நேரத்தை எழுதி வையுங்கள். கைவிடப்பட்ட கப்பலில் சிக்கினால் நாலு மாதச் சம்பளம்வரை காப்பீடு தர வேண்டும் என்ற சான்று கப்பலில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும். ஏறிய முதல் நாளே அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள், அதில் உள்ள தொலைபேசி எண்ணை வீட்டுக்கும் அனுப்புங்கள். சிடிசி, பாஸ்போர்ட், மருத்துவச் சான்று ஆகிய மூன்றுக்கு மட்டும்தான் மாலுமி செலவழிக்கலாம். விமான டிக்கெட்டும் வேலைக்கான சேவைக் கட்டணமும் கப்பல்காரர் பொறுப்பு. 'துபாய் வந்து சேருங்கள், கப்பல் காத்திருக்கிறது, மூன்று லட்சம் போடுங்கள்' என்று சுற்றுலா விசாவைக் கையில் கொடுக்கும் தரகரிடம் ஆர்பிஎஸ்எல் எண்ணைக் கேட்டு, அதை இயக்குநரகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண் அங்கே இல்லையென்றால் பாஸ்போர்ட்டை அவர் மேசையில் ஒரு நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள்.